வழக்கமான நேரம்

ஜூன் 3

தம்பிக்கு,

இங்கே நலம். நீங்கள் மூவரும் நலமாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். நினைக்கிறேன் என்றுதான் எழுத முடியும். ஆறு வருஷமாக எனக்கு வேறு தகவல் இல்லை.

நேராக விஷயத்துக்கு வருகிறேன். இது நானாக எழுதும் கடிதம் இல்லை. நம் சபைக்கு ஒரு வெப்சைட் வேண்டும் என்று கமிட்டியில் முடிவாகியிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மொத்தம் நாற்பத்து மூன்று பேர் வருகிறோம். அதில் பதினொரு பேருக்கு முழங்கால் வலி. புதிதாக ஒரு முகத்தைப் பார்த்து எட்டு மாதம் ஆகிறது. "நாம இங்க இருக்கோம்னு யாருக்குமே தெரியல" என்று போதகர் வருத்தப்பட்டார். அடுத்த மூச்சிலேயே, "உங்க தம்பி இந்த வேலைதானே பண்றாரு? அவரையே கேளுங்களேன்" என்றார். அவர் இங்கே வந்து மூன்று வருஷம்தான் ஆகிறது, நம் கதை தெரியாது. தெரிந்தவர்கள் எல்லோரும் அந்த நேரம் பார்த்து மின்விசிறியை அண்ணாந்து பார்த்தார்கள். செயலாளர் என்ற முறையில், "எழுதிக் கேக்குறேன்" என்று நான் சொல்லிவிட்டேன்.

போனிலேயே கேட்கலாம். கேட்டால் மூன்றாவது வாக்கியத்தில் அப்பா வந்துவிடுவார், ஐந்தாவது வாக்கியத்தில் நம்மில் ஒருவர் போனை வைத்துவிடுவோம். அதனால்தான் தாளும் பேனாவும்.

ஒன்றை மட்டும் மனசில் வைத்துக்கொள்ளாமல் எழுதிவிடுகிறேன். அடக்கத்தன்று வீட்டில் நான் பேசிய பேச்சு அதிகம்தான். "அப்பாவுக்கு முடியலைன்னு ஏன் முன்னாடியே சொல்லல" என்று நீ கேட்டாய். "வந்து பாக்கணும்னு மனசு இருந்தா தகவல் எதுக்கு" என்று நான் கேட்டேன். நான் அப்படிக் கேட்டிருக்கக் கூடாது. ஆனால் அதற்காக, பெற்ற தகப்பனின் ஒரு மாத நினைவு ஆராதனைக்கு நீ வராமல் இருந்ததை என்னால் இன்றைக்கும் ஜீரணிக்க முடியவில்லை. இதை ஒரு ஓரமாக வைத்துவிட்டு வேலையைப் பேச முடியும் என்றால் பதில் போடு. முடியாது என்றாலும் போடு, கமிட்டிக்கு நான் பதில் சொல்ல வேண்டும்.

அக்கா


ஜூன் 11

சபைச் செயலாளர் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. வேலையை மட்டும் பேசலாம். எனக்கும் அதுதான் வசதி.

தொடங்கும் முன் மூன்று கேள்விகள். யார் பார்ப்பதற்காக இந்த இணையதளம்? பார்த்த பிறகு அவர் என்ன செய்ய வேண்டும் என்று எதிர்பார்க்கிறீர்கள்? அதை வாரா வாரம் சரிபார்க்கப் போகிறவர் யார்? மூன்றாவது கேள்விக்கு "எல்லோரும் சேர்ந்து" என்று பதில் எழுத வேண்டாம். எல்லோரும் என்றால் யாரும் இல்லை என்று அர்த்தம். ஒரு ஆளைச் சொல்லுங்கள்.

போடவேண்டியவை என்று நீங்கள் நினைப்பதை எல்லாம் அனுப்புங்கள். பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.

அப்பாவின் ஆராதனைக்கு யார் வரவில்லை, யார் வரவிடவில்லை என்ற விஷயத்தை நானும் ஓரமாகவே வைக்கிறேன்.

இப்படிக்கு,
வடிவமைப்பாளர்


ஜூன் 17

தம்பிக்கு,

"நீங்கள்" என்று எழுதியிருக்கிறாய். பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும்போது என் பின்னலைப் பிடித்துக்கொண்டே நடந்தவன். சரி, உன் இஷ்டம். நான் "நீ" என்றுதான் எழுதுவேன், எனக்குக் கை வராது.

"யார் வரவிடவில்லை" என்று எதைச் சொல்கிறாய் என்று தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. ஓரமாக வைத்ததாகச் சொன்னதால் கேட்கவில்லை.

போடவேண்டியவற்றை அனுப்பியிருக்கிறேன், பதினான்கு பக்கம். சபை வரலாறு ஒன்பது பக்கம், நானே டைப் அடித்தது. கமிட்டிக்காரர்கள் எட்டுப் பேரின் படங்கள். பொருளாளர் தன் படத்தை மட்டும் கொஞ்சம் பெரிதாகப் போடச் சொல்கிறார், கண்ணாடி பளபளப்பதால் முகம் தெரியாதாம். பாடகர் குழுத் தலைவிக்குப் பக்கத்தைத் திறந்ததும் பாட்டு தானாகக் கேட்க வேண்டும். போதகருக்குத் தன் வாழ்த்துச் செய்தி முதலில் வரவேண்டும். இன்னொருவர் மேலே எழுத்து ஓடவேண்டும் என்கிறார். என்ன எழுத்து என்று கேட்டேன். "ஏதாவது ஓடட்டும்மா, பாக்க உயிரோட இருக்கும்" என்றார்.

யார் பார்ப்பதற்காக என்று கேட்டாய். எல்லோரும் பார்ப்பதற்காகத்தான். பார்த்து என்ன செய்ய வேண்டும்? வரவேண்டும், வேறென்ன. சரிபார்க்கப் போகிறவள் நான். இந்தச் சபையில் ஒரு வேலையை யார் செய்வது என்ற கேள்விக்கு எப்போதுமே ஒரே பதில்தான். ஊருக்கெல்லாம் நேரம் சொல்கிறவள் என்று அப்பா எனக்கு மணிக்கூண்டு என்று பெயர் வைத்தார், அதோடு இதையும் சேர்த்துத்தான் சுமக்கிறேன்.

அக்கா


ஜூன் 24

செயலாளர் அவர்களுக்கு,

பதினான்கு பக்கத்தையும் படித்தேன். வரலாறு நன்றாக இருக்கிறது. மழைக் கசிவைப் பிடிக்க எல்லாரும் வாளி ஏந்தி வரிசையாக நின்ற இடத்தில் சிரித்துவிட்டேன். ஆனால் அது ஏற்கெனவே உள்ளே உட்கார்ந்திருக்கிறவர்கள் படித்து மகிழ எழுதியது. கமிட்டிப் படங்களும் அப்படியே. நீங்கள் அனுப்பிய எதிலுமே ஆராதனை எத்தனை மணிக்கு என்று இல்லை. தேடிப் பார்த்தேன். ஏழாம் பக்கத்தில் "வழக்கமான நேரத்தில்" என்று ஒரு முறை வருகிறது, அவ்வளவுதான்.

இதைக் கோபமாக எழுதவில்லை, தொழில் முறையில் எழுதுகிறேன். இந்தத் தளத்தில் "வழக்கம்போல்", "வழக்கமான", "அனைவரும் அறிந்தபடி" ஆகிய சொற்கள் எங்குமே வரக்கூடாது. வழக்கம் தெரிந்தவருக்கு இணையதளம் தேவையில்லை. தெரியாதவர்தான் அங்கே வந்து நிற்கிறார்.

யார் பார்க்கிறார்கள் என்பதை நாம் ஊகிக்க வேண்டாம். சபை அலுவலகப் போன் பக்கத்தில் ஒரு நோட்டு வையுங்கள். பத்து நாளைக்கு யார் கூப்பிட்டாலும் அவர் கேட்ட முதல் கேள்வியை அப்படியே, அவர் வார்த்தையிலேயே எழுதுங்கள். அந்த நோட்டில் அதிகம் வருவதுதான் முதல் பக்கம்.

இன்னொன்று, அவசரம். உங்களுக்கு ஏற்கெனவே ஒரு தளம் இருக்கிறது. முன்பு ஆர்கன் வாசித்தவர் செய்து வைத்துவிட்டுப் போனது. இன்னும் உயிரோடுதான் இருக்கிறது, அதில் ஆராதனை காலை பத்து மணி என்று போட்டிருக்கிறது. முதலில் அதை எடுக்க வேண்டும். புதிதாக ஒன்றைத் திறந்துவிட்டுப் பழையதை அப்படியே விட்டால், தேடுகிறவர் கையில் எது சிக்கும் என்று சொல்ல முடியாது.

வடிவமைப்பாளர்


ஜூலை 6

தம்பிக்கு,

நோட்டு வைத்தேன். கமிட்டி முன்னால் வாசித்தும் காட்டினேன். பொருளாளர் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

மொத்தம் முப்பத்து நான்கு அழைப்பு. பதினேழு பேர் நேரம் கேட்டார்கள். ஒன்பது பேர் வழி கேட்டார்கள், அதிலும் முக்கால்வாசிப் பேர் வாசல் வரை வந்துவிட்டு எந்தக் கதவு என்று தெரியாமல் நின்றவர்கள். பெரிய கதவைப் பார்த்தால் திறக்கும் போலத்தான் இருக்கிறது, அது துருப்பிடித்து இறுகிப்போனதும் நாம் பக்கவாட்டு கேட் வழியாகப் போவதும் நமக்குத்தானே தெரியும். ஐந்து பேர் படி எத்தனை, சக்கர நாற்காலி வருமா என்று கேட்டார்கள். ஒரு பெண், "குழந்தை அழுதா யாராவது திரும்பிப் பாப்பாங்களா?" என்று கேட்டாள். நான், "பாப்பாங்க, ஆனா சிரிப்பாங்க" என்றேன். அடுத்த ஞாயிறு வந்தாள், குழந்தை நன்றாக அழுதது. இரண்டு பேர் பல் டாக்டருக்குப் போட்ட போன். வரலாறு கேட்டவர் பூஜ்யம். பொருளாளர் படம் கேட்டவர் பூஜ்யம்.

உன் கடிதங்களைக் கொண்டுவரும் தபால்காரம்மாவையும் ஒரு நாள் பிடித்தேன். நான் எழுதிய வழிக்குறிப்பைக் கொடுத்து, இதை மட்டும் பார்த்து உள்ளே வரமுடியுமா என்று கேட்டேன். ஊரில் எல்லா வீட்டு வாசலும் தெரிந்தவள். "பழைய ஹாலுக்கு இடதுபுறம்னு எழுதியிருக்கீங்க, இதுல எது பழைய ஹால்? எனக்கு ரெண்டுமே பழசாத்தான் தெரியுது" என்றாள். திருத்திவிட்டேன். பதினான்கு பக்கம் இப்போது ஒன்றரைப் பக்கம். கழுதை தேய்ந்து கட்டெறும்பு ஆனது என்பார்கள், இந்தக் கட்டெறும்பு எனக்குப் பிடித்திருக்கிறது.

பழைய வெப்சைட் விஷயம். அப்படி ஒன்று இருந்ததே எங்கள் யாருக்கும் ஞாபகம் இல்லை. ஆர்கன்காரர் நாடு விட்டு நாடு போய்விட்டார். பாஸ்வேர்டை எங்கே தேடுவது என்று முழித்துக்கொண்டிருந்தேன். கடைசியில் அவர் வாசித்த பாட்டுப் புத்தகத்தின் பின்அட்டையில் பென்சிலால் எழுதியிருந்தது. அவருடைய நாயின் பெயரும் ஒரு பாட்டு எண்ணும். இதோடு தனித் தாளில் எழுதி வைத்திருக்கிறேன்.

திறந்து பார்த்தேன். அதில் ஒரே ஒரு படம்தான் இருக்கிறது. அப்பா. பக்கவாட்டு கேட்டை ஞாயிறுதோறும் திறப்பாரே, அதே மாதிரி பாதி திறந்துகொண்டு, கையில் சாவிக்கொத்தோடு நிற்கிறார். "வாங்க வாங்க" என்று சொல்ல வாயெடுத்த மாதிரி. நான் அலுவலக நாற்காலியிலேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டேன். நீ இந்தப் படத்தைப் பார்க்கத்தான் அந்தப் பக்கத்துக்குப் போவாயோ என்று தோன்றியது.

அப்புறம் இன்னொன்றும் தோன்றியது. அதில் பத்து மணி என்று இருக்கிறது, உண்மைதான். ஆனால் ஆராதனையை எட்டு மணிக்கு மாற்றி எட்டு வருஷம் ஆகிறது, அதாவது அப்பா போவதற்கு இரண்டு வருஷம் முன்பே. படம் பார்க்கப் போகிறவனுக்கு நேரத்தைப் பற்றி என்ன கவலை? அந்தப் பத்து மணியை எடுக்க உனக்கு ஏன் அவ்வளவு அவசரம்?

அக்கா


ஜூலை 13

செயலாளர் அவர்களுக்கு,

நோட்டு பிரமாதம். நிஜமாகவே சொல்கிறேன், பெரிய பெரிய நிறுவனங்கள் கூட இவ்வளவு சுத்தமாகச் செய்து தருவதில்லை.

எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. தளத்தைக் கட்டும் முன், அதைப் பார்க்க வரும் ஒரு ஆளைக் கற்பனை செய்து அவர் கதையை எழுதுவோம். எங்கே தடுமாறுகிறார் என்று அதில் தெரிந்துவிடும். உங்கள் கேள்விக்குப் பதிலாக அப்படி ஒன்றை எழுதுகிறேன். கமிட்டியில் வாசிக்க வேண்டாம்.

ஒரு ஆள். வயது முப்பத்தைந்து. அந்தச் சபையிலேயே வளர்ந்தவர், ஆனால் வெளியூர் போய்ப் பல வருஷம் ஆகிறது. வந்தாலும் கடைசி வண்டியில் வருவார், ஞாயிற்றுக்கிழமை தூங்கி எழுந்து மாலை வண்டியில் கிளம்பிவிடுவார். அதனால் வீட்டில் அவருக்குப் பெயரே கடைசி வண்டி. அவருக்கு வீட்டிலிருந்து ஒரு செய்தி வருகிறது. "ஞாயிறு வழக்கம்போல் ஆராதனை முடிந்ததும் நினைவு ஆராதனை." வழக்கம் என்ன என்று கேட்க அவருக்குக் கூச்சம். கேட்டால், "சொந்த சபையோட நேரம் கூடத் தெரியாதா" என்று பதில் வரும் என்ற பயம். அப்போதுதான் வீட்டில் ஒரு சண்டை நடந்திருந்தது. எனவே இணையத்தில் பார்க்கிறார். பத்து மணி என்று இருக்கிறது. பத்துக்குத் தொடங்கினால் பதினொன்றரைக்கு முடியும், அதன் பிறகு நினைவு ஆராதனை என்று கணக்குப் போடுகிறார்.

இந்த முறை சமாதானம் செய்துகொண்டுதான் திரும்ப வேண்டும் என்று முடிவு செய்து காலை ரயிலில் வருகிறார். பையில் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. ஸ்டேஷன் கழிவறையிலேயே மாற்றிக்கொள்கிறார். பதினொரு மணிக்கு கேட்டுக்கு வருகிறார். உள்ளே பாட்டுச் சத்தம் கேட்க வேண்டும், கேட்கவில்லை. கேட் பூட்டியிருக்கிறது. அவருடைய அப்பா உயிரோடு இருந்தவரை ஒரு ஞாயிறும் அந்த கேட் அந்த நேரத்தில் பூட்டிக் கிடந்து அவர் பார்த்ததில்லை.

தெரிந்த ஒரு எண்ணுக்கு நான்கு முறை அடிக்கிறார். அணைத்து வைத்திருக்கிறார்கள். சபை அலுவலகத்துக்கு அடிக்கிறார். பூட்டிய கேட்டுக்கு அந்தப் பக்கம், அலுவலக அறைக்குள் அந்தப் போன் அடிப்பது அவருக்கே கேட்கிறது. எதிர்க் கடையில் தைத்துக்கொண்டிருந்தவர் தலையைத் தூக்கி, "எல்லாரும் போயி அரை மணி நேரம் ஆச்சுங்களே. ஏதோ விசேஷம்னு சேர்ந்து வண்டி வச்சிப் போனாங்க" என்கிறார்.

தன்னைத் தவிர எல்லாருக்கும் நேரம் தெரிந்திருக்கிறது, தன்னிடம் மட்டும் வேண்டுமென்றே சொல்லவில்லை என்று அந்த ஆள் முடிவு செய்கிறார். அடக்கத்தன்று கேட்ட பேச்சுக்குப் பிறகு அப்படி நினைப்பது அவருக்குச் சுலபமாக இருந்தது. நாற்பது நிமிஷம் நின்றுவிட்டு ஒரு மணி வண்டியில் திரும்பிப் போகிறார்.

இந்த ஆளுக்காகத்தான் தளத்தைக் கட்ட வேண்டும்.

வடிவமைப்பாளர்


ஜூலை 17

என் தங்கமே,

உன் கடிதம் இன்று பதினொன்றரைக்குப் பள்ளியில் என் மேஜைக்கே வந்தது. அங்கே அரை நாள் லீவு சொல்லிவிட்டு வந்து எழுதுகிறேன். இருபத்திரண்டு வருஷத்தில் காரணம் சொல்லாமல் நான் லீவு எடுப்பது இதுதான் முதல் தடவை. தலைமை எழுத்தர், "உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார். "ரொம்ப சரியா இருக்கு" என்றேன். அவர் பயந்துவிட்டார்.

நீ வந்தாய். வந்திருக்கிறாய். இதை எழுதி எழுதிப் பார்க்கிறேன்.

அந்தச் செய்தியை அனுப்பியது நான்தான். என் கையால் அடித்தது. "வழக்கம்போல்" என்றுதான் எழுதியிருப்பேன், சந்தேகமே இல்லை. முப்பது வருஷமாக எல்லா அறிவிப்பிலும் அப்படித்தான் எழுதுகிறேன். எட்டு மணிக்கு மாற்றிய தீர்மானத்தை டைப் அடித்ததும் நான்தான். அது உனக்குத் தெரியாது என்று எனக்குத் தோன்றவே இல்லை. எனக்குத் தெரிந்தால் ஊருக்கே தெரியும் என்ற நினைப்பு. ஊருக்கெல்லாம் நேரம் சொல்லும் மணிக்கூண்டு, சொந்தத் தம்பிக்கு நேரம் சொல்லவில்லை. நுணலும் தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள்.

போனை அணைத்து வைத்ததும் நான்தான். ஆராதனையில் எல்லாரும் போனை அணைக்க வேண்டும் என்று சட்டம் போட்டவளே நான். அன்றைக்குத் துக்கம் விசாரிக்கிறவர்களோடு பேச முடியாமல் மறுநாள் வரைக்கும் அதை அணைத்தே வைத்திருந்தேன். நீ அடித்த நான்கும் எனக்கு வந்து சேரவே இல்லை.

இந்தப் பக்கம் என்ன நடந்தது என்று நீயும் தெரிந்துகொள். எட்டு மணி ஆராதனை ஒன்பதரைக்கு முடிந்தது. முன்வரிசையில் எனக்குப் பக்கத்து நாற்காலியில் என் கைப்பையை வைத்து உனக்கு இடம் பிடித்திருந்தேன். நினைவு ஆராதனையைப் பத்து நிமிஷம் தள்ளி வைக்கச் சொன்னேன். அப்புறம் இன்னும் பத்து நிமிஷம். "கடைசி வண்டிதானே, வந்துருவான்" என்று பெரியவர்கள் சிரித்தார்கள். மூன்றாவது தடவை கேட்க எனக்கு வாய் வரவில்லை. அதற்குப் பிறகு எல்லோரும் வேனில் கல்லறைக்குப் போனோம், வரிசையாக நின்று பூ வைத்தோம். அங்கே நான் அழுதது அப்பாவுக்காக மட்டும் இல்லை. "அடக்கத்துல பேசுனதுக்குப் பழி வாங்கிட்டான் பாருங்க" என்று எல்லார் முன்னாலும் சொன்னேன். இனி அவர்கள் ஒவ்வொருவரையும் தேடிப்போய் அதைத் திரும்ப வாங்க வேண்டும். வாங்குகிறேன்.

உன் கடிதத்தைப் படித்த கையோடு தையல்காரரிடம் போனேன். உன்னை நம்பாமல் இல்லை, உன்னைப் பார்த்த ஒரே மனுஷன் அவர்தான், அதனால் அவரைப் பார்க்க வேண்டும் போல இருந்தது. ஆறு வருஷத்துக்கு முன்னால், ஒரு ஞாயிறு, கேட் முன்னால் ஒரு ஆள் என்று சொன்னேன். அவருக்கு முகமெல்லாம் ஞாபகம் இருக்காது, உடுப்புதான் இருக்கும். யோசித்துவிட்டு, "வெள்ளைச் சட்டை. காலர் நல்லா உக்காந்திருந்துச்சு, கை மட்டும் அரை இஞ்ச் நீளம். குறைச்சிக் குடுக்கவான்னு கேக்கலாம்னு பாத்தேன், அவர் அழுதுகிட்டிருந்தாரு, விட்டுட்டேன்" என்றார்.

அழுததை நீ எழுதவில்லை.

என் வயிற்றில் பால் வார்த்தாய்டா. ஆறு வருஷம் வீணாகப் போனதே என்று வலிக்கிறது, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் அதைவிடப் பெரிதாக ஒரு நிம்மதி இருக்கிறது. என் தம்பி வராமல் இருக்கவில்லை. ஒரு பழைய பக்கமும் என் ஒரு வரியும் சேர்ந்து செய்த வேலை.

மன்னித்துக்கொள்.

அக்கா


ஜூலை 23

அக்கா,

உன் கடிதத்தை பஸ்ஸில் படித்தேன். "அரை இஞ்ச் நீளம்" என்ற இடத்தில் சத்தமாகச் சிரித்துவிட்டேன், பக்கத்தில் இருந்தவர் இறங்க வேண்டிய இடத்துக்கு முன்னாலேயே எழுந்து போய்விட்டார். வீட்டுக்கு வந்து இவளிடம் படித்துக் காட்டும்போது சிரிப்பு வரவில்லை, வேறு வந்தது. "அன்னிக்கே ராத்திரி ஒரு போன் பண்ணிருந்தா இது முடிஞ்சிருக்கும்ல" என்று கேட்டாள். முடிந்திருக்கும். மறுநாள் நான் இன்னொரு முறை அடித்திருந்தால் நீ எடுத்திருப்பாய். அடிக்கவில்லை. பூட்டிய கேட்டைப் பார்த்துவிட்டு எனக்கு மூக்குக்கு மேல் கோபம், அந்தக் கோபம் இருந்தால் சண்டையில் நான் சொன்னதெல்லாம் சரி என்று ஆகிவிடும், அதனால் அதைப் பத்திரமாக வைத்துக்கொண்டேன். மன்னிப்பை நீ மட்டும் எடுத்துக்கொண்டு போகாதே, பாதி என்னுடையது.

பழைய பக்கத்தை ஆறு வருஷமும் நான் ஏன் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று யோசித்திருந்தாய். நீ நினைத்ததும் சரிதான். அப்பா படம் என்னிடம் வேறு இல்லை. நேரத்தைப் பார்த்தால் எரிச்சல் வரும், படத்தைப் பார்த்தால் ஆறும்.

இப்போது வேலை. தளம் தயாராகிவிட்டது, உன் கட்டெறும்பு அப்படியே இருக்கிறது. முதல் பக்கத்தில் மேலே அந்தப் படம். சும்மா பாசத்தில் போடவில்லை, தொழில் காரணம் இருக்கிறது. வருகிறவர் எந்த கேட்டைத் தேட வேண்டும் என்று அது காட்டுகிறது, உள்ளே இருப்பவர்கள் எப்படிப்பட்டவர்கள் என்றும் காட்டுகிறது. அதன் கீழே பெரிய எழுத்தில் கிழமையும் நேரமும். அதற்கும் கீழே வழி, தபால்காரம்மா திருத்திய வார்த்தைகளில். படி எத்தனை, சரிவு எந்தப் பக்கம். குழந்தை அழுதால் பரவாயில்லை, சிரிப்பார்கள். ஒரு போன் எண். வரலாறு உள்பக்கத்தில் முழுசாக இருக்கிறது, வாளி வரிசையை வெட்ட மனசு வரவில்லை. பொருளாளர் படமும் இருக்கிறது, அவரைத் தேடுகிறவர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள். பாட்டு தானாகப் பாடாது, தலைவியிடம் நீதான் சொல்ல வேண்டும். எழுத்து எதுவும் ஓடாது.

பழைய பக்கத்தை நேற்று எடுத்துவிட்டேன். எடுக்கும் முன் ஒரு நிமிஷம் பார்த்தேன். பத்து மணியைப் பார்த்து இந்த முறை எரிச்சல் வரவில்லை.

மாற்றங்கள் செய்யும் பாஸ்வேர்டைத் தனி உறையில் வைத்திருக்கிறேன். பாட்டுப் புத்தகத்தில் எழுதாதே.

கடைசியாக ஒரு சோதனை பாக்கி இருக்கிறது. தளத்தை மட்டும் நம்பி ஒரு ஆள் வந்து சேர முடிகிறதா என்று பார்க்க வேண்டும். ஆகஸ்ட் மாதம் இரண்டாவது ஞாயிறு நாங்கள் மூன்று பேரும் வருகிறோம். நேரம் என்ன என்று உன்னிடம் கேட்கமாட்டேன், நீயும் சொல்லாதே. பக்கத்தில் என்ன போட்டிருக்கிறதோ அதற்கு வருவேன். பாப்பாவுக்கு இப்போது எட்டு வயது. "அத்தை ரொம்ப ஸ்ட்ரிக்டா?" என்று கேட்கிறாள். ஆமாம் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

கடைசி வண்டி


ஆகஸ்ட் 15

கடைசி வண்டிக்கு,

நேற்றுத்தான் போனில் ஒரு மணி நேரம் பேசினோம், அதற்குள் எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் சொல்ல வாய் வராத இரண்டு விஷயம் இருக்கிறது. தவிர, வெப்சைட்டைத் தபாலிலேயே கட்டி முடித்தவர்கள் நாம் இரண்டு பேராகத்தான் இருப்போம். கணக்கை இரட்டைப்படையில் விட எனக்கு மனசு வரவில்லை.

ஒன்று. நீங்கள் மூன்று பேரும் ஆறே முக்காலுக்கே வந்து கேட் முன்னால் நிற்பீர்கள் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை. உன் வாழ்க்கையில் நீ எதற்கும் முன்னால் வந்ததில்லை. நான் வழக்கம்போல், இந்த ஒரு தடவை அந்த வார்த்தையை எழுத விடு, ஏழு மணிக்குத் திறக்க அப்பாவின் சாவிக்கொத்தோடு வந்துகொண்டிருந்தேன். தெருமுனையில் திரும்பியதும் பார்த்தேன். பூட்டிய கேட், அதன் முன்னால் வெள்ளைச் சட்டையில் நீ. அங்கேயே நின்றுவிட்டேன். ஆறு வருஷத்துக்கு முன்னால் நான் அந்தத் தெருவுக்கு வராமல் போன அந்த நேரத்தை யாரோ திரும்பக் கொண்டுவந்து வைத்த மாதிரி இருந்தது. தையல்காரர் பலகைக்குப் பின்னால் நின்று முகத்தைத் துடைத்துக்கொண்டுதான் வந்தேன். "என்ன அக்கா, கேட் பூட்டியிருக்கு" என்று நீ சிரித்தபோது நான் ஏன் பதில் சொல்லாமல் சாவியைத் தப்புத் தப்பாகப் போட்டேன் என்று இப்போது தெரிந்திருக்கும்.

அன்று மாலையே வெப்சைட்டில் நானாக ஒரு வரி சேர்த்தேன். "ஆராதனை காலை எட்டு மணி. கேட் ஏழு மணிக்குத் திறக்கும். பூட்டியிருந்தால் இந்த எண்ணில் கூப்பிடுங்கள், எடுப்பேன்." கீழே என் சொந்த எண். ஞாயிற்றுக்கிழமை போனை அணைப்பதில்லை என்று கமிட்டியில் சொல்லிவிட்டேன். நான் போட்ட சட்டத்தை நானே மீறுவதாகப் பொருளாளர் குறிப்பு எழுதச் சொன்னார். எழுதிக்கொண்டேன். போன ஞாயிறு உங்களைத் தவிர இன்னும் மூன்று பேர் புதிதாக வந்தார்கள், மூன்று பேருமே நேராகப் பக்கவாட்டு கேட்டுக்குத்தான் வந்தார்கள். படத்தில் இருக்கும் பெரியவர் எங்கே என்று ஒருவர் கேட்டார். சொன்னேன்.

இரண்டாவது விஷயம். உள்ளே வந்ததும் பாப்பா முன்வரிசைக்கு ஓடினாள். என் பக்கத்து நாற்காலியில் கைப்பை இருப்பதைப் பார்த்து, "இது யாரோட இடம் அத்தை?" என்று கேட்டாள். நான் பதில் சொல்வதற்குள் பாடகர் குழுத் தலைவி, "அதுல யாரும் உக்காரக் கூடாதும்மா, செயலாளரம்மா ஆறு வருஷமா பைக்கு ஒரு சீட் வச்சிருக்காங்க" என்று சொல்லிவிட்டாள். எனக்கு அப்போதுதான் தெரிந்தது, தம்பி. அன்றைக்கு இடம் பிடித்து வைத்தவள் ஒரு ஞாயிறும் அதை எடுக்கவே இல்லை. கோபமாக இருக்கிறேன் என்றுதான் நானும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

நீ பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாய். ஆராதனை முடியும்வரை அதைக் கீழே வைக்கவே இல்லை.

சட்டையின் கை இன்னும் அரை இஞ்ச் நீளமாகத்தான் இருக்கிறது. அடுத்த தடவை வரும்போது கொண்டுவா, எதிர்க் கடையில் காத்துக்கொண்டிருக்கிறார்.

அக்கா